போன் பண்றதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ் போடும்மா

36 வருஷம் டெலிபோன் டிபார்ட்மெண்ட்ல வேலை பார்த்தவ நான். 1984-ல திருச்சியில ஆபரேட்டரா சேர்ந்தேன், 2000-ல அது பிஎஸ்என்எல் ஆச்சு, 2020 ஜனவரி 31-ஆம் தேதி நாடு முழுக்க 78 ஆயிரம் பேருக்கு மேல ஒரே நாள்ல விஆர்எஸ்ல, அதாவது விருப்ப ஓய்வுல, வெளிய வந்தோமே, அந்தக் கூட்டத்துல நானும் ஒருத்தி. எங்க குடும்பத்துக்கு சோறு போட்டது, புள்ளைங்கள படிக்க வச்சது எல்லாமே போன்தான். அப்படிப்பட்ட என்கிட்ட 2021-ல ஒரு நாள் சாயங்காலம், பெங்களூர்ல இருக்கிற என் பொண்ணு சொன்னா, "அம்மா, இனிமே திடீர்னு கால் பண்ணாதம்மா, முன்னாடி ஒரு மெசேஜ் போடு, நான் ஃப்ரீயா இருந்தா நானே கூப்பிடுறேன்."

சரின்னு சொல்லிட்டு வச்சுட்டேன். வச்சதுக்கப்புறம் கை நடுங்குச்சு. பெத்தவ பேசுறதுக்கு அப்பாயிண்ட்மெண்ட் வாங்கணுமா, இதுக்கா இவ்வளவு பாடுபட்டு வளர்த்தோம்னு மனசு என்னென்னமோ சொல்லுது. மூணு நாள் நான் கூப்பிடல, அவளும் கூப்பிடல. என் தங்கச்சிகிட்ட சொன்னேன், அவ "இந்தக் காலத்துப் புள்ளைங்களே அப்படித்தான்க்கா, நமக்குன்னு யாரும் கிடையாது"ன்னு சொன்னா, அத கேட்டப்ப ஆறுதலா இருந்த மாதிரி இருந்துச்சு, ஆனா ராத்திரி படுத்தா இன்னும் ரெண்டு மடங்கு வலி. இத முதல்லயே சொல்லிடுறேன், மனசு காயப்பட்டிருக்கும்போது நம்ம காயத்தையே திருப்பிச் சொல்றவங்ககிட்ட போய் பேசாதீங்க. அவங்க நல்லவங்களா இருந்தாலும் சரி.

நாலாவது நாள் காலையில உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரமா வாக்கிங் போனப்ப என்கூட எக்ஸ்சேஞ்ச்ல போர்டுல, அதாவது ஆபரேட்டருங்க லைன் போட்டுக் குடுக்கிற ஸ்விட்ச்போர்டுல, உட்கார்ந்த ஒரு சீனியர் அக்காவ பார்த்தேன். எழுபது வயசு தாண்டியாச்சு, குரல் மட்டும் அப்படியே கணீர்னு இருக்கு. அவங்ககிட்டயும் கொட்டினேன். அவங்க நிதானமா கேட்டுட்டு, "ஏண்டி, நம்ம காலத்துல புக் பண்ணாம யாரு பேசினா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. அப்படியே நின்னுட்டேன்.

இப்ப இருக்கிறவங்களுக்குப் புரியணும்னா கொஞ்சம் விளக்கிச் சொல்லணும். அப்ப வெளியூருக்குப் பேசணும்னா 180-க்கு போன் பண்ணி டிரங்க் கால் புக் பண்ணணும். நாங்க ஒரு சீட்டுல, அத டிக்கெட்னு சொல்லுவோம், எந்த நம்பர்லேருந்து எந்த ஊருக்கு எந்த நம்பருக்கு, எத்தனை மணிக்கு புக் பண்ணாங்கன்னு எழுதி வச்சுக்குவோம். லைன் கிடைக்க ஒரு மணி நேரமும் ஆகும், அரை நாளும் ஆகும். ஆர்டினரி, அர்ஜெண்ட், லைட்னிங்னு மூணு வகை, அர்ஜெண்ட்னா டபுள் சார்ஜ். இதுல பி.பி. கால்னு ஒண்ணு உண்டு. நம்பருக்குப் பேசுறதில்ல, ஆளுக்குப் பேசுறது. அந்த ஆளு வீட்ல இருக்காரான்னு நாங்க முதல்ல கேட்போம், பக்கத்து வீட்ல இருந்தா கூப்பிட்டு வரச் சொல்லுவோம், அவர் வந்து ரிசீவர எடுத்தப்புறம்தான் கால் புக் பண்ணவர கனெக்ட் பண்ணுவோம். அவர் பேச தயாரா இருக்காரா, பேசுற நிலையில இருக்காரான்னு பார்த்துட்டுத்தான் குரலையே கொண்டுபோய் சேர்ப்போம். இந்த வேலைய நானே எத்தனை ஆயிரம் தடவை செஞ்சிருப்பேன். என் பொண்ணு கேட்டதும் இதுதான, முதல்ல நான் இருக்கேனான்னு கேளு, அப்புறம் பேசுன்னு.

அன்னிக்கு வீட்டுக்கு வந்து மெசேஜ் போட்டேன், "பாப்பா, உனக்கு எப்ப பேச வசதிப்படும்?" பத்து நிமிஷத்துல அவளே கூப்பிட்டா. நான் "ஏன் அப்படிச் சொன்ன"ன்னு கேட்கல. ஏன்னு ஆரம்பிச்சா அது கேள்வியா போய்ச் சேராது, குத்தம் சொல்ற மாதிரிதான் போய்ச் சேரும், இது போர்டுல உட்கார்ந்து கத்துக்கிட்ட பாடம். "ஏன் சார் லேட்டா எடுத்தீங்க"ன்னு கேட்டா சண்டை வரும், "சார் லைன்ல இருக்கீங்களா"ன்னு கேட்டா பதில் வரும். அதனால "திடீர்னு போன் அடிச்சா உனக்கு எப்படிம்மா இருக்கு?"ன்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் சொன்னா, "அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு நீ கூப்பிட்டல்லம்மா, அதுலேருந்து உன் பேரு ஸ்க்ரீன்ல வந்தாலே எனக்கு படபடன்னு வந்துடுது, எடுக்கிறதுக்குள்ள அப்பாவுக்கு என்ன ஆச்சோன்னு உயிர் போயிட்டு வருது, மெசேஜ் வந்தா ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சுடும்."

2019 செப்டம்பர்ல எங்க வீட்டுக்காரருக்கு ஹார்ட் அட்டாக் வந்துச்சு, நான் விஆர்எஸ் எழுதிக் கொடுத்ததுக்கு அதுவும் ஒரு காரணம். ரெண்டு வருஷமா என் புள்ள அந்த பயத்த மனசுல வச்சுக்கிட்டு இருந்திருக்கா, நான் அத திமிருன்னு நினைச்சு மூணு நாள் பேசாம இருந்திருக்கேன். எங்க அம்மா ஞாபகம் வந்துச்சு. வாசல்ல தந்திக்காரர் சைக்கிள் நின்னாலே போதும், பிரிக்கிறதுக்கு முன்னாடியே அம்மா அழ ஆரம்பிச்சிடுவாங்க. தந்தின்னா சாவுச் செய்தின்னு அந்தக் காலத்து வீடுகள்ல அப்படி ஒரு பயம். 2013 ஜூலையில தந்தி சர்வீஸையே நிறுத்திட்டாங்க, ஆனா அந்த பயம் வேற ரூபத்துல என் பொண்ணுகிட்ட வந்து உட்கார்ந்திருக்கு. எங்க அம்மா தந்திக்கு பயந்தாங்க, என் பொண்ணு என் காலுக்கு பயப்படுறா. ரெண்டுமே பாசத்துலதான்.

இந்த ஒரு விஷயம் என்ன ரொம்ப யோசிக்க வச்சுது. இளைய தலைமுறை மாறிடுச்சு, மதிக்கிறதில்லன்னு நான் சேர்த்து வச்சிருந்த லிஸ்ட்ல இன்னும் எத்தனை இது மாதிரி இருக்குமோன்னு தோணுச்சு. அப்புறம் இன்னொண்ணும் தோணுச்சு, நானும் ஒரு காலத்துல மாறிப்போன புள்ளதான.

1986-ல கல்யாணமாகி உறையூருக்கு வந்தேன். எனக்கு ஷிப்ட் டூட்டி. சில நாள் காலையில, சில நாள் ஸ்பிளிட் டூட்டி, சில நாள் ஈவினிங் டூட்டி, அது முடிஞ்சு வீட்டுக்கு வர்றப்ப ராத்திரி 9 மணிக்கு மேல ஆயிடும். எங்க மாமியார் வாழ்க்கையில ராத்திரி தனியா பஸ்ல வந்த பொம்பளைய அவங்க வீட்ல பார்த்ததே கிடையாது. தெருவுல கேட்கிறாங்க, "உங்க மருமக இந்நேரத்துக்கு எங்கேருந்து வர்றா?" அவங்களுக்கு அவமானம், எனக்கு கோவம். ஒரு வருஷம் போல வீட்ல பேச்சே முறைப்பாத்தான் இருந்துச்சு. அவங்க கெட்டவங்க இல்ல, அவங்களுக்குத் தெரிஞ்ச உலகத்துல நான் பண்றதுக்கு ஒரு பேரு இல்ல, அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு எங்க எக்ஸ்சேஞ்ச்ல குடும்பத்த கூட்டிட்டு வரச் சொன்னாங்க. நான் கூப்பிடவே தயங்கினேன், அவங்களா "நானும் வரேன்"னு புடவை மாத்திட்டு நின்னாங்க. போர்டுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வச்சு, பொரி கடலை வச்சு, வரிசையா பொம்பளைங்க ஹெட்செட் மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க, கால் வந்தா லைட் எரியுது, வயர எடுத்து சொருகுறாங்க, அன்னிக்கு ஒருத்தருக்கு வெளியூர்லேருந்து புள்ள பொறந்த சேதி வந்துச்சு, அந்த ஆளு சந்தோஷத்துல ஆபரேட்டருக்கே தேங்க்ஸ் சொல்றாரு. எங்க மாமியார் ஒரு ஸ்டூல்ல உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தாங்க. வீட்டுக்கு வந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. மறுநாள் தெருவுல அதே பொம்பளைகிட்ட, "ஊரு விட்டு ஊரு பேசுறவங்களுக்கெல்லாம் எங்க மருமகதான் லைன் போட்டுக் குடுக்குறா"ன்னு சொல்லிட்டு இருந்தது என் காதுல விழுந்துச்சு. அதுக்கப்புறம் ஈவினிங் டூட்டி நாள்ல என் சாப்பாட்ட மூடி அடுப்பு மேட்டுலயே வச்சிருப்பாங்க, சூடு போகாம இருக்கட்டும்னு.

அவங்க என்கிட்ட ஏத்துக்கிட்டேன்னெல்லாம் சொன்னதே இல்ல. வந்து பார்த்தாங்க, அவ்வளவுதான், ஆனா எல்லாத்தையும் மாத்தினது அதுதான். நம்ம புள்ளைங்க என்ன வேலை பார்க்கிறாங்க, எப்படி இருக்காங்க, யார்கூட சாப்பிடுறாங்கன்னு போய் உட்கார்ந்து பார்க்காமலே நாம பாதி தீர்ப்பு எழுதிடுறோம். நான் பெங்களூர் போய் பொண்ணு ஃப்ளாட்ல பத்து நாள் இருந்தேன். அவளும் இன்னும் ரெண்டு பொண்ணுங்களும். அதுக்கு முன்னாடி என் மனசுல இருந்த படமே வேற. ஒருத்தி அஸ்ஸாம், ஒருத்தி கேரளா, ஃப்ரிட்ஜ் மேல யாரு எந்த நாள் குப்பை எடுத்துட்டுப் போகணும், யாரு கேஸ் புக் பண்ணணும்னு பேப்பர்ல எழுதி ஒட்டியிருக்காங்க. ஒரு நாள் அஸ்ஸாம் பொண்ணுக்கு காய்ச்சல், என் பொண்ணு லீவு போட்டுட்டு ராத்திரி முழுக்க அவ பக்கத்துல உட்கார்ந்து கஞ்சி வச்சுக் குடுத்தா. அந்தக் கஞ்சி எங்க மாமியார் கைப்பக்குவம், சீரகம் வறுத்துப் போட்டு. நான் சொல்லிக் குடுக்கல, பார்த்து வளர்ந்தது. என்ன பழக்கம் போச்சுன்னு எண்ணிக்கிட்டே இருந்த எனக்கு, என்ன பழக்கம் தங்கியிருக்குன்னு எண்ணிப் பார்க்கவே தோணாம போச்சேன்னு இருந்துச்சு.

பையன் விஷயத்துக்கு வரேன், இதுலதான் நான் நிஜமா தப்பு பண்ணேன்.

அவன் 2018-ல காதல் கல்யாணம் பண்ணான், வேற சாதிப் பொண்ணு, அதுவும் ஐயர் வேண்டாம், மந்திரம் வேண்டாம், ரெண்டு வீட்டுப் பெரியவங்க முன்னாடி மாலை மாத்திக்கிறோம்னான். நான் சாமி கும்பிடுறவ, எனக்கு அது செல்லுமாங்கிறதே முதல் கவலை. அப்புறம்தான் தெரிஞ்சுது, அண்ணா முதலமைச்சரா இருந்தப்ப கொண்டுவந்த சட்டம், 1968-லேருந்து அது முழுசா செல்லுபடியாகுற கல்யாணம். 1968-ல எனக்கு ஆறு வயசு. ஐம்பது வருஷமா இருக்கிற விஷயத்த நான் இந்தக் காலத்துக் கூத்துன்னு நினைச்சிருக்கேன். கல்யாணத்துக்கு மறுநாள் காலையில ரெண்டு பேரும் அவங்களாவே குளிச்சுட்டு வந்து "அம்மா, வெக்காளியம்மன் கோவிலுக்குப் போலாமா, உனக்குப் போகணும்போல இருக்கும்ல"ன்னு கேட்டாங்க. கூரை இல்லாத அந்தச் சன்னதியில வெயில்ல நின்னு கும்பிட்டோம். அவங்களுக்கு நம்பிக்கை இல்லாத இடத்துக்கு எனக்காக வந்து நின்னாங்க, அப்ப அவங்களுக்காக நான் எங்க போய் நிக்கப்போறேன்னு அன்னிக்கே எனக்குள்ள கேள்வி வந்துச்சு, பதில் வர நாலு வருஷம் ஆச்சு.

2022-ல பேத்தி பொறந்தா. சென்னைக்குப் போய் ரெண்டு மாசம் இருந்தேன். மருமகளுக்கு 26 வாரம் லீவு, 2017-ல வந்த சட்டம். பையனுக்கும் அவன் கம்பெனியில கொஞ்ச நாள் லீவு குடுத்திருந்தாங்க. அவன் புள்ளைய குளிப்பாட்டுறான், துணி துவைக்கிறான், ராத்திரி 11 மணிக்கு பாத்திரம் கழுவுறான், அவ தூங்குறா. நான் பார்த்துட்டே இருந்தேன், எனக்கு என் புள்ள இளைச்சு கருத்துப் போயிட்ட மாதிரியே தெரியுது. ஒரு நாள் அடக்க முடியாம மருமககிட்ட, "நாங்களும் புள்ள பெத்தோம்மா, ஆம்பளைய பாத்திரம் தேய்க்க விடல"ன்னு சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு எதுவும் சொல்லாம புள்ளைய தூக்கிட்டு ரூமுக்குப் போயிட்டா.

அன்னிக்கு ராத்திரி பையன் வந்து என் பக்கத்துல உட்கார்ந்தான். சத்தம் போடல. "அம்மா, என்ன பெத்து 90 நாள்ல டூட்டிக்குப் போன கதைய நீ எத்தனை தடவை சொல்லியிருக்க, போர்டுல உட்கார்ந்திருக்கும்போது பால் கட்டிக்கிட்டு வலி தாங்காம பாத்ரூம்ல போய் அழுதேன்னு. அப்ப அப்பா பாத்திரம் கழுவியிருந்தா உனக்கு நல்லா இருந்திருக்காதா?"

1988-ல எங்களுக்கு 90 நாள்தான் லீவு. 1997-ல அத 135 நாள் ஆக்கினாங்க, அப்பத்தான் மத்திய அரசு ஆம்பளை ஊழியர்களுக்கும் 15 நாள் குடுத்தாங்க, 2008-ல பொம்பளைங்களுக்கு 180 நாள் ஆச்சு. ஒவ்வொரு தடவை கூட்டினப்பவும், நமக்குக் கிடைக்கலையே, பின்னாடி வர்ற புள்ளைங்களுக்காவது கிடைச்சுதேன்னு ஆபீஸ்ல நாங்க சந்தோஷப்பட்டிருக்கோம். அதே நான் என் வீட்டுக்குள்ள, என் மருமகளுக்கு கிடைக்கிறப்ப வயிறு எரிஞ்சிருக்கேன். அத ஒத்துக்கிறது ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. புள்ள இளைச்சான்னு நான் சொன்னதுக்குள்ள, எனக்கு இப்படி யாரும் செய்யலையேங்கிற பழைய ஏக்கம் இருந்திருக்கு. இது என் வயசுக்காரங்க எல்லாரும் ஒரு தடவை நிதானமா பார்க்கணும்னு கேட்டுக்குறேன், அவங்க பண்றது தப்புன்னு தோணுற இடத்துல பாதிக்கு பாதி, நமக்குக் கிடைக்காததோட வலிதான் பேசுது.

மறுநாள் காலையில மருமககிட்ட போய் மன்னிப்பு கேட்டேன். "நேத்து நான் சொன்னது தப்பும்மா, எனக்குக் கிடைக்காதது உனக்குக் கிடைக்கிறத பார்த்து வந்த பேச்சு அது"ன்னு சொன்னேன், அதோட நிறுத்திட்டேன். மன்னிப்பு கேட்டா ஆனா போடக்கூடாது. தப்புதான் ஆனா நீயும் கொஞ்சம்னு ஆரம்பிச்சோம்னா கேட்காம இருக்கிறதே மேல். அவ "அத்தை"ன்னு கையப் பிடிச்சுக்கிட்டா, அன்னிக்குத்தான் அவளோட பிரசவ வலிய பத்தி, பயத்த பத்தி எல்லாம் முதல் தடவையா என்கிட்ட பேசினா. ரெண்டு மாசம் ஒரே வீட்ல இருந்தும் அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

ஊருக்கு வந்து எங்க வீட்டுக்காரர்கிட்ட இத அப்படியே சொன்னேன். அவர் அதிகம் பேசாதவர். ஒரு வாரம் கழிச்சு காலையில எழுந்தா டம்ளர்ல காபி. 66 வயசுல முதல் காபி, சர்க்கரை தூக்கல், அவ்வளவு நல்லா இருந்துச்சு. இன்னிவரைக்கும் காலை காபி அவர் பொறுப்பு.

இப்ப நான் பண்ற ஒரு பழக்கத்த சொல்றேன், எனக்கு உண்மையா உதவினது இதுதான். நல்லதே நினைன்னு எல்லாரும் சொல்றாங்க, மனசு வலிக்கிறப்ப அது முடியாது, வலுக்கட்டாயமா சிரிச்சா உள்ள இன்னும் புளிச்சுப் போகுது. நான் பண்றது டிக்கெட் எழுதுறது. அப்ப டிரங்க் டிக்கெட்ல நடந்தத மட்டும்தான் எழுதுவோம், யாரு, யாருக்கு, எத்தனை மணி, எத்தனை நிமிஷம். கஸ்டமர் திமிர் பிடிச்சவர்னு அதுல எழுத இடமே கிடையாது. அதே மாதிரி ஒரு நோட்டு வச்சிருக்கேன். ஏதாவது மனச குத்தினா அன்னிக்கு ராத்திரி நடந்தத மட்டும் எழுதுவேன். "பாப்பா 7.10-க்கு போன் எடுக்கல. 9.40-க்கு மெசேஜ் வந்துச்சு." அவ்வளவுதான். என்ன மதிக்கலன்னு எழுத மாட்டேன், ஏன்னா அது நடந்தது இல்ல, நான் சேர்த்தது. எழுதி வச்சுட்டு மறுநாள் காலையில காபி குடிச்சுட்டு எடுத்துப் படிப்பேன். பத்துல ஏழு எட்டு தடவை அதுல ஒண்ணுமே இருக்காது. மிச்சம் ரெண்டு மூணு நிஜமாவே பேச வேண்டியதா இருக்கும், அத அவங்ககிட்ட நேரா பேசுவேன், ராத்திரி பேச மாட்டேன், வாட்ஸ்அப்ல எழுத மாட்டேன், குடும்ப குரூப்ல போடவே மாட்டேன். எழுத்துல குரல் தெரியாது, பாதி சண்டை அதுலயே வருது.

2023-ல பொண்ணு இன்னொண்ணு சொன்னா. வேலையில ரொம்ப அழுத்தம், தூக்கம் வரல, ஒரு கவுன்சிலர்கிட்ட வாரா வாரம் பேசிட்டு இருக்கேன்னு. பழைய நானா இருந்தா, உனக்கு என்ன பைத்தியமா, அம்மாகிட்ட சொல்ல முடியாதது வெளி ஆள்கிட்ட சொல்றியான்னு கேட்டிருப்பேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, மறைக்க மாட்டேன். ஆனா ராத்திரியில டைரக்டரி என்கொயரி 197-க்கு போன் பண்ணி நம்பர் கேட்டு முடிச்சப்புறமும் வைக்காம, மேடம் ரெண்டு நிமிஷம் பேசலாமான்னு கேட்டவங்கள நான் பார்த்திருக்கேன். வீட்ல ஆள் இருந்தும் பேச ஆள் இல்லாதவங்க. முகம் தெரியாத ஒரு குரல்கிட்ட மனுஷங்க சொல்ற உண்மைய சொந்தத்துல சொல்ல மாட்டாங்க, அது எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு வேற யாருக்குத் தெரியும். இப்ப அரசாங்கமே 14416-ன்னு ஒரு நம்பர் வச்சிருக்கு, டெலி மானஸ், 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, பணம் கிடையாது, தமிழ்லயும் பேசலாம். உங்க வீட்ல யாருக்காவது தேவைப்பட்டா குறிச்சு வச்சுக்குங்க, பெரியவங்களுக்கும்தான்.

அவகிட்ட "நல்லது பண்ணியிருக்க பாப்பா"ன்னு மட்டும் சொன்னேன். என்ன பேசினீங்கன்னு ஒரு தடவை கூட கேட்கல. எங்க போர்டுல ஒரு கீ இருக்கும், அத தள்ளினா பேசுறது ஆபரேட்டருக்குக் கேட்கும். ரெண்டு பக்கமும் பேச ஆரம்பிச்சதும் கீய மூடிடணும், அதுதான் விதி, மூடாம கேட்டுட்டு இருந்தா சூப்பர்வைசர்கிட்ட மெமோ வாங்கணும். லைன் போட்டுக் குடுக்கிறது நம்ம வேலை, உள்ள என்ன பேசுறாங்கங்கிறது அவங்களோடது. புள்ளைங்க ரூம் கதவ தட்டிட்டுப் போறது, அவங்க போன எடுத்துப் பார்க்காம இருக்கிறது, அவங்க சொல்ற அளவோட நிறுத்திக்கிறது, இதெல்லாம் அந்தக் கீய மூடுறதுதான். ஆரம்பத்துல நமக்கு இடம் இல்லாம போற மாதிரி இருக்கும். கொஞ்ச நாள் போனா அவங்களா வந்து சொல்லுவாங்க, கேட்காத அம்மாகிட்டதான் புள்ளைங்க அதிகம் சொல்றாங்க, என் அனுபவத்துல பார்த்தது.

எல்லாத்தையும் ஏத்துக்கிட்டியான்னு கேட்டா இல்ல. அவளுக்கு இப்ப 32 வயசு, கல்யாணம் வேணுமான்னு இன்னும் முடிவு பண்ணலங்கிறா. எனக்கு வலிக்குது, பொய் சொல்ல மாட்டேன், கோவில்ல நின்னா முதல்ல அதுதான் வாயில வருது. அந்த வலிய அவ தலையில தினமும் கொண்டுபோய் இறக்கிறதில்லன்னு மட்டும் முடிவு பண்ணியிருக்கேன். வருஷத்துக்கு ஒரு தடவை, அவ பொறந்த நாள் முடிஞ்ச வாரம், ஏதாவது மாறியிருக்கான்னு கேட்பேன், அவளே அதுக்கு ஒத்துக்கிட்டா. மத்த நாள்ல சொந்தக்காரங்க கேட்டா "அவ நல்லா இருக்கா"ன்னு சொல்லிட்டு பேச்ச மாத்திடுவேன், வீட்டுக்கு வெளிய என் புள்ளைய நான் விட்டுக்குடுக்க மாட்டேன். அப்புறம் ராத்திரி பயணம் கிளம்பினா வண்டி நம்பர் அனுப்பணும்னு சொல்லியிருக்கேன், அது என் பக்கத்து ஒரே கண்டிஷன், அதுல விட்டுக்குடுக்கவே இல்ல. சாப்பிடும்போது போன் பார்க்கிறதும் எனக்குப் பிடிக்காது, என் வீட்ல அது கிடையாதுன்னு நேராவே சொல்லிட்டேன், வந்தா போன ஹால்லயே வச்சுட்டுத்தான் உட்காருறாங்க. எல்லாத்துக்கும் முறைச்சுக்கிட்டே இருந்தா ஒண்ணையும் கேட்க மாட்டாங்க, ரெண்டே ரெண்டு விஷயத்துக்கு மட்டும் அழுத்திச் சொன்னா கேட்கிறாங்க.

இன்னொரு விஷயம், இத யாரும் எனக்குச் சொல்லல, நானா லேட்டா கண்டுபிடிச்சது. நமக்குன்னு ஒரு வேலை இருக்கணும். சம்பளத்துக்குன்னு சொல்லல. ஆபரேட்டர் இல்லாம நேரா வெளியூருக்கு டயல் பண்ற எஸ்டிடி பூத் தெருவுக்குத் தெரு வந்தப்ப டிரங்க் புக்கிங் குறைஞ்சுது, 1995-ல இந்தியாவுக்கு செல்போன் வந்துச்சு, ஒவ்வொரு தடவையும் நம்ம வேலை போச்சுன்னு நாங்க பயந்தோம். போர்டு போனப்புறம் என்ன கவுண்ட்டர்ல கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார வச்சாங்க, என்னவிட இருபது வயசு சின்ன பொண்ணு ஒருத்தி மௌஸ் பிடிக்க கைய பிடிச்சு சொல்லிக்குடுத்தா, கேட்ட கேள்வியவே பத்து தடவை கேட்டேன், ஒரு தடவை கூட முகம் சுளிக்கல. கூட இருந்த சிலபேர் சின்னப் புள்ளைங்ககிட்ட போய் கேட்கிறதான்னு கேட்காமலே ரிட்டயர் ஆனாங்க. அவங்க கடைசி வருஷங்கள் ஆபீஸ்ல ரொம்ப தனிமையா போச்சு, நான் கண்ணால பார்த்தேன். அதனால விஆர்எஸ் வாங்கினப்புறம் சும்மா உட்காரக்கூடாதுன்னு தேடிக்கிட்டே இருந்தேன். இப்ப பார்வையில்லாத காலேஜ் புள்ளைங்களுக்காக பாடப் புத்தகங்கள படிச்சு ரெக்கார்டு பண்ணி அனுப்புறேன். வாரத்துல நாலு நாள், சாயங்காலம் ஆறுலேருந்து எட்டு. ஆபரேட்டர் குரல், தெளிவா இருக்குன்னு சொல்றாங்க. போன வருஷம் எம்.ஏ. வரலாறு முடிச்ச ஒரு பையன், மேடம் உங்க குரல்லதான் எனக்கு பிரெஞ்சுப் புரட்சியே ஞாபகம் இருக்குன்னு வாய்ஸ் மெசேஜ் போட்டான், அத இன்னும் அழிக்காம வச்சிருக்கேன். இந்த வேலை வந்தப்புறம் புள்ளைங்க எப்ப கூப்பிடுவாங்கன்னு போன பார்த்துக்கிட்டே உட்காருறது தன்னால நின்னுபோச்சு. அவங்க மேல இருந்த பாரமும் குறைஞ்சுது, பேச்சுல அது தெரியுது.

போன வியாழக்கிழமை ஒரு பாடம் பாதி ஓடிட்டு இருந்துச்சு, ரூம் கதவ சாத்திட்டு ஃபேனையும் நிறுத்திட்டு படிச்சுட்டு இருந்தேன். நடுவுல தண்ணி குடிக்க நிறுத்தினப்ப பார்த்தா பாப்பாகிட்டேருந்து மெசேஜ், "அம்மா ஃப்ரீயா?"

"எட்டு மணிக்கு மேல கூப்பிடு பாப்பா, ரெக்கார்டிங்ல இருக்கேன்"னு போட்டேன்.

"ஓகேம்மா, எட்டுக்கு"ன்னு வந்துச்சு.

8 மணி 2 நிமிஷத்துக்கு அடிச்சுது. ஒரே ரிங்ல எடுத்துட்டேன்.